உவர்நிலத்தில் ஒரு வாழ்வு: பறவையியல் மேதை சாலிம் அலி

முன்னுரை

நெய்தல் திணையைப் பாடஞ்சொல்லும் தமிழாசிரியர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கழி, கானல், உப்பு, உமணர், நாரை, குருகு என முதற்பொருளும் கருப்பொருளும் முறைப்படி எடுத்துரைப்போம். மாணவர் ஒருவர் எழுந்து, குருகு என்பது எந்தப் பறவை என்று வினவினால் மட்டும், நீர்ப்பறவைகளுள் ஒன்று எனக் கூறி அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவோம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறு சென்றவரே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தை மாதத்தில் நம் துறை மாணவர்களை அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குச் சென்றுவந்தோம். விடியற்பொழுதில் வேதாரண்யத்தைக் கடந்து, உப்பளங்களை ஒட்டிய சதுப்பின் ஓரமாக நடந்தோம். முழங்கால் அளவுகூட இல்லாத உவர்நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. சேற்றுப் பரப்பில் சிறு உள்ளான்கள் எறும்புகளைப் போல ஓடித் திரிந்தன. உச்சிப்பொழுதில் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. மாலையில் நீர்மட்டம் மாறியபோது ஒரே திரளாக எழுந்த பறவைக் கூட்டம் வானில் ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் சாம்பல் நிறமாகவும் திரும்பித் திரும்பித் தோன்றியது. மாணவர்கள் பேச்சற்று நின்றனர். அவர்களுக்கு ஒரு பெயரையேனும் உறுதியாகச் சொல்ல இயலாமல் நாமும் பேச்சற்றே நின்றோம்.

அந்நாளில் எம் உள்ளத்தில் நிறைந்து நின்றவர் பறவையியல் மேதை டாக்டர் சாலிம் அலி ஆவார். அவர்தம் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், சமுதாயப் பெரியோர்களுக்கும் நினைவூட்ட விரும்புகிறோம். அவருக்கு நாம் பட்ட கடன் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் உரைப்போம்.

பிறப்பும் வளர்ப்பும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மொய்சுத்தீன், தாயார் சீனத்துன்னிசா. உடன்பிறந்தாருள் இவரே கடைக்குட்டி. ஓராண்டு நிரம்பியபோது தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். எத்தீமாக நின்ற இப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தவர்கள் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும், மக்கட்பேறில்லாத மாமி ஹமீதா பேகமும் ஆவர். மற்றொரு மாமாவான அப்பாஸ் தயாப்ஜி, 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபின் தராசனா உப்புப் போராட்டத்திற்குத் தலைமையேற்றுச் சிறை சென்ற தியாகி. அதே ஆண்டில்தான் நம் வேதாரண்யத்திலும் உப்புச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது என்பது நாமறிந்த வரலாறு.

சமையற்கட்டில் பிறந்த வினா

அமீருத்தீன் வேட்டையில் விருப்பமுள்ளவர். அவர் அளித்த சிறு காற்றுத்துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுடுவது சிறுவன் சாலிமின் பொழுதுபோக்கு. சுட்ட குருவிகள் சமையற்கட்டுக்குச் செல்லும். ஒருநாள் வீழ்ந்த குருவியின் கழுத்தில் குழம்பு சிந்தியது போன்ற மஞ்சள் திட்டு ஒன்று காணப்பட்டது. இது வழக்கமான குருவியன்று. முஸ்லிம் ஒருவர் இதனை உண்ணலாமா, கூடாதா என்ற ஐயம் பத்து வயதுச் சிறுவனுக்கு எழுந்தது. அவன் அக்குருவியை மாமாவிடம் கொண்டு சென்றான்.

இங்கேதான் ஒரு பெரியவரின் பெருமை விளங்குகிறது. பறவைதானே என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவுமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு அறிமுகக் கடிதம் ஒன்றை எழுதிச் சிறுவனின் கையில் கொடுத்தார். ஆங்கிலேயரைக் காண்பதற்கே நம்மவர் தயங்கிய காலம் அது. நடுக்கத்தோடு சென்ற சிறுவனை மில்லார்டு அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்காட்டினார். பதப்படுத்தப்பட்ட இந்தியப் பறவைகள் அடுக்கிவைக்கப்பட்ட இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஹலாலா ஹராமா என்று கேட்கப் புறப்பட்ட பிள்ளை, படைப்பின் விரிவைக் கண்டு திரும்பியது. பின்னாளில் தம் தன்வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்னும் பொருளில் அவர் பெயரிட்டதன் காரணம் இதுவே. அந்நூல் 1985இல் வெளிவந்தது.

பட்டம் பெறாத மாணவர்

சாலிம் அலி தேர்வுகளில் ஒளிர்ந்தவர் அல்லர். இளமையில் தொடர்ந்த தலைவலியால் படிப்புத் தடைப்பட்டது. சிந்து மாநிலத்தின் வறண்ட காற்று நலம் தரும் என உறவினரிடம் அனுப்பப்பட்டார். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டிலேயே இடர்ப்பட்டுப் படிப்பை விட்டார். குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனிக்கப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்றார். அங்குக் காட்டுப் பறவைகள் மீதிருந்த கவனம் கணக்கேட்டின் மீது செல்லவில்லை. 1917இல் பம்பாய்க்குத் திரும்பி வணிகக் கல்வி பயின்றார். அவ்வேளையில் சவேரியார் கல்லூரிப் பேராசிரியர் பிளாட்டர் பாதிரியார் இவரது உள்ளக்கிடக்கையை உணர்ந்து, விலங்கியலும் பயிலுமாறு தூண்டினார். 1918இல் தெஹ்மினா பேகம் அவர்களை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அப்பணி இவருக்குக் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். 1928இல் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லினில் பேரறிஞர் ஸ்ட்ரெசெமன் அவர்களிடம் பறவையியலை முறையாகப் பயின்றார். ஹெலிகோலாந்து என்னும் கடல்தீவில், பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைவழிகளை அறியும் முறையைக் கண்ணாரக் கண்டதும் அக்காலத்தில்தான்.

1930இல் தாயகம் திரும்பியபோது, நிதியில்லை என்று அருங்காட்சியகப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று, கையில் பட்டமில்லை, வேலையுமில்லை. கல்வியிலோ தொழிலிலோ ஒருமுறை இடறியவுடன் வாழ்வே முடிந்துவிட்டதாகக் கருதும் இளைஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

கிஹிம் கடற்கரையில்

பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில், துணைவியாரின் குடும்பத்திற்குரிய சிறு வீடு ஒன்று இருந்தது. செலவைச் சுருக்கி வாழ அவ்வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்றவரின் ஓய்வை அவர் ஆய்வாக்கினார். மறைவிடம் ஒன்று அமைத்துத் திங்கள் கணக்கில் அமர்ந்து நோக்கினார்.

ஆண் குருவி கூட்டைப் பாதி முடித்து நிறுத்துகிறது. பெண் குருவி வந்து கூட்டைச் சோதிக்கிறது. பிடித்தால் ஏற்கிறது, பிடிக்காவிடில் சென்றுவிடுகிறது. ஏற்கப்பட்ட பின்னரே ஆண் கூட்டை முடிக்கிறது. முடித்ததும் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையை நாடுகிறது. நம் நாட்டுச் சிற்றூர்களில் அனைவரும் அன்றாடம் பார்த்த பறவையின் இல்லற முறையை முதன்முறையாகத் தெளிவுற விளக்கிய இக்கட்டுரை, அவருக்கு அறிஞர் உலகில் பெயர் தேடித் தந்தது. பொறுமையாகப் பார்ப்பதும், பார்த்ததை அன்றன்றே எழுதிவைப்பதும் ஆகிய இரண்டே அவர் கைக்கொண்ட கருவிகள்.

அதன்பின் சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியில் இறங்கினார். பயணச் செலவும் முகாம் செலவும் மட்டும் கிடைத்தால் போதும், ஊதியம் வேண்டா என்று முன்வந்தார். ஐதராபாத்து, 1933இல் திருவிதாங்கூர், கொச்சி, பின்னர் குவாலியர், இந்தூர், போபால் எனப் பயணங்கள் தொடர்ந்தன. வசதியான வாழ்வில் வளர்ந்த தெஹ்மினா பேகம், கூடாரத்தையே இல்லமாகக் கொண்டு உடன் சென்றார். 1939இல் சிறியதோர் அறுவைச் சிகிச்சையை அடுத்து அவ்வம்மையார் காலமானார். மக்கட்பேறு இல்லாத சாலிம் அலிக்கு அப்பிரிவு பேரிடியாயிற்று. தமக்கையார் கம்முவும் அவர்தம் கணவர் ஹசன் அலியும் அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினர். எத்தீமாக நின்றபோது ஏற்ற சுற்றமே மீண்டும் ஏற்றது. ஓர் அறிஞர் உருவாகும் வழியில் அவர்தம் உறவினரின் கை எத்தனை முறை நீண்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாண்டுகளில், 1941இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடும் எளிய விளக்கங்களோடும் அமைந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது. நேரு பெருமகனார் அதனைத் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

கட்சின் உப்புப் பாலையில்

சாலிம் அலியின் களப்பணிகளுள் நம் உள்ளத்தைக் கொள்ளைகொள்வது கட்சுப் பயணமே. கட்சு அரசரின் ஆதரவில் 1943-44இல் அவ்வட்டாரப் பறவைகளைக் கணக்கெடுத்தார். 1945 ஏப்ரலில் பூநாரைகளின் குடியிருப்பைக் காணப் பெரிய ரண் பகுதிக்குச் சென்றார்.

ரண் என்பது நிலமுமன்று, கடலுமன்று. தென்மேற்குப் பருவமழையில் ஆற்றுநீரும் மழைநீரும் கடல்நீரும் கலந்து அங்கு ஆழமற்ற ஏரியாகத் தேங்கும். நீர் வற்றியபின் சேறும் உப்புப் படலமும் எஞ்சும். நிழலுக்கு மரமில்லை, குடிக்க நீரில்லை. கானல்நீர் தூரத்தையும் உருவத்தையும் மாற்றிக் காட்டும். கால்நடையும் ஒட்டகமுமே அங்குத் துணை.

அந்த வெறுமையின் நடுவே பூநாரைகளின் நகரம் இருந்தது. பூநாரை சேற்றைக் குவித்து, தலை வெட்டிய கூம்பு போன்ற மேடு எழுப்பி, அதன் குழிவில் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். நீர் சூழ்ந்திருக்கும்வரை நரி முதலிய விலங்குகள் அணுகா. நீர் மிகுந்தால் கூடு மூழ்கும். விரைவில் வற்றினால் பறவை கூட்டைக் கைவிடும். மழையும் வெயிலும் சற்றே பிசகினும் ஒரு தலைமுறையே பாழாகும். அத்தகைய மேடுகள் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வரிசையாக நிற்பதைச் சாலிம் அலி கண்டார், எண்ணினார், ஏறத்தாழ 5 இலட்சம் பூநாரைகள் அங்கிருக்கலாம் என மதிப்பிட்டார். அதன் பயனாக இவ்வுவர்நிலம் பூநாரைகளின் மாபெரும் இனப்பெருக்கக் களம் என்பதை அறிஞர் உலகம் அறிந்தது.

உவர்நிலம் என்றால் பயனற்ற நிலம் என்றே நாம் எண்ணப் பழகியுள்ளோம். வருவாய்க் கணக்கிலும் அதற்குத் தரிசு என்றே பெயர். நெல் விளையாத அச்சேற்றில்தான் பாசியும் நுண்ணிறாலும் பெருகுகின்றன. அவற்றை வடித்துண்ணப் பூநாரையின் அலகு வளைந்திருக்கிறது. அவ்வுணவிலுள்ள நிறமியாலேயே அதன் இறகு சிவக்கிறது. நிலம் பயனற்றதன்று, அதன் பயனை நாம் கேட்டறியவில்லை. இதுவே சாலிம் அலி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கோடியக்கரையும் கால்வளையமும்

1957இல் மைசூர் மாநிலத்தின் கியாசனூர்க் காட்டில் புதிய காய்ச்சல் நோய் ஒன்று கண்டறியப்பட்டது. பறவைகளின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகளால் நோய் பரவுமோ என்ற ஐயம் எழுந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு 1959இல் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவை ஆய்வைத் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் சாலிம் அலி. ஹெலிகோலாந்தில் கண்ட வளையமிடும் முறை, முப்பதாண்டுகளுக்குப் பின் இந்தியச் சதுப்புகளில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது.

நீர்ப்பறவைகளுக்குக் கோடியக்கரை எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்தியவரும் அவரே. 1967இல் அப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழகத்தின் ஆய்வாளர்கள் அங்குத் தங்கிப் பறவைகளைப் பிடித்து, எடையிட்டு, காலில் எண் பொறித்த இலேசான அலுமினிய வளையம் மாட்டி விடுவித்தனர். பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார் என்னும் பறவை பிடிக்கும் மரபினரும் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். இறைச்சிக்காகப் பிடித்த கைகளே அறிவியலுக்காகப் பிடித்து, ஊறின்றி விடுவிக்கக் கற்றன.

நம் சேற்றில் ஓடித் திரியும் கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடையே உள்ளது. வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வருகிறது. அது எவ்வழி வருகிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது என்பவற்றை அறிய அவ்வளையமே பெருந்துணை. வளையமிட்ட பறவை கிடைத்தால் பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவ்வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

அறிஞரின் இயல்புகள்

சாலிம் அலியைத் துறவியாகவோ, உயிர்க்கொலையே அறியாதவராகவோ காட்டுதல் பொருந்தாது. அவர் துப்பாக்கி ஏந்தியவர். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தியவர். வேட்டையை முற்றும் வெறுத்ததாக அவர் பாவனை செய்ததில்லை. கட்டுப்பாடற்ற கொலையும், வாழிடத்தை அழிப்பதுமே இனங்களை ஒழிக்கும் என்பது அவர் கொள்கை. புறச்சடங்குகளில் தமக்கு ஈடுபாடு குறைவு என்பதையும் அவர் மறைத்ததில்லை. உண்மையை உள்ளவாறு உரைக்கும் அந்நேர்மையே அவர்தம் ஆய்வுக்கும் அடிப்படை.

காலந்தவறாமை, சிக்கனம், கடுமை ஆகியன அவர் இயல்புகள். இயந்திர வண்டியில் தீராக் காதல் கொண்டவர். 1950இல் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டிற்கு, ஐம்பத்து மூன்று வயதில், தம் மோட்டார் சைக்கிளிலேயே ஐரோப்பாவைக் கடந்து சென்று சேர்ந்தார்.

அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இவர் எழுதிய, இந்தியத் துணைக்கண்டப் பறவைகள் பற்றிய 10 தொகுதிகள் 1974இல் நிறைவுற்றன. பட்டமில்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு 1958இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்களும் பின்னர் வழங்கின. 1958இல் பத்ம பூஷண், 1976இல் பத்ம விபூஷண் விருதுகள் வந்தன. பன்னாட்டு விருதாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்துவிட்டார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. மேகமலைப் பகுதியில் கண்டறியப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நாம் பட்ட கடன்

தொடக்கத்தில் குறித்த கடனை இனி உரைப்போம். எண்பதுகளின் பிற்பகுதி, எமக்கு ஏழெட்டு வயது. குளிர்காலம் வந்தால் உள்ளான்களைக் கயிற்றில் கோத்து வீடுவீடாக விற்றுவரும் வழக்கம் அப்போது எம் ஊரில் இருந்தது. எம் பாட்டனார் வாங்குவார், முறைப்படி அறுக்கப்படும், இரவு உணவில் மணக்கும். ஒருநாள் வாங்கிய பறவைகளுள் ஒன்றன் காலில் சிறு வெள்ளை வளையம் இருந்தது. அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் தெரிந்தன. இது என்ன என்று கேட்டோம். பாட்டனார் குர்ஆனும் அரபுத்தமிழும் ஓதத் தெரிந்தவர், ஆங்கிலம் அறியார். யாரோ வளர்த்த பறவையாக இருக்கும், போய்ச் சாப்பிடு என்றார். நாம் அவ்வளையத்தை நூலில் கோத்துக் கையில் கட்டித் திரிந்தோம். பின்னர் அது பாட்டியாரின் வெற்றிலைப் பெட்டிக்குள் சென்றது. பழைய வீட்டை இடித்தபோது பெட்டியும் போயிற்று.

கோடியக்கரைக்குச் சென்ற அந்நாளில், அங்கிருந்த ஒருவர் மாணவர்களுக்கு அத்தகைய வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதனை உள்ளங்கையில் வாங்கியபோதுதான் நாம் செய்தது இன்னதென விளங்கியது. எங்கோ ஒரு பதிவேட்டில், ஓர் எண்ணுக்கு எதிரே, பறவை பிடிக்கப்பட்ட நாளும் இடமும் எழுதப்பட்டிருக்கும். அதற்கடுத்த கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கும். அதனை நிரப்பும் விடை எம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் பல்லாண்டுகள் கிடந்தது. ஓர் அஞ்சலட்டையின் விலைதான் செலவு.

இரு வீடுகளிலும் ஒரு பறவை; இரு வீடுகளிலும் ஒரு பிள்ளையின் வினா. ஒரு வீட்டில் அவ்வினாவுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது, மற்றொன்றில் எழுதப்படவில்லை. எம் பாட்டனாரை நாம் குறை கூறவில்லை. அவருக்குக் கல்வி எட்டவில்லை. நமக்கோ எட்டியிருக்கிறது. குருகு எது என்று கேட்ட மாணவருக்கு விடை சொல்லாமல் பாடலைக் கடந்து சென்ற நாமே குற்றவாளி.

முடிவுரை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளைப் பிடிப்பதைத் தடை செய்கிறது. 2002இல் கோடியக்கரையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. 2018இல் கஜா புயல் அக்கரையைச் சிதைத்துச் சென்றது. சட்டமும் அறிவிப்பும் அரசு தருவன. உண்பதில்லை, விற்பதில்லை, வாங்குவதில்லை என்னும் உறுதியைத் தரவேண்டியவர்கள் நாமே. எம் ஊரைப் போன்ற கடற்கரையூர்களில் இவ்வுறுதி ஜமாஅத்துப் பெரியோர்களின் ஒரு சொல்லால் நிலைபெறும்.

இவ்வாண்டு முதல் நெய்தல் பாடத்தைச் சதுப்பின் கரையிலேயே ஒரு நாள் நடத்துவதெனத் துறையில் முடிவு செய்துள்ளோம். மாணவர் ஒவ்வொருவரும் கையேடு ஒன்று கொண்டுவர வேண்டும். கண்ட பறவையை, கண்ட இடத்தை, கண்ட நேரத்தை அன்றே எழுத வேண்டும். பெயர் தெரியாவிடில் தெரியவில்லை என்றே எழுதி, அறிந்தவரிடம் கேட்க வேண்டும். முதற்கையேடு எம்முடையதாக இருக்கும். அதன் முதற்பக்கத்தில் எழுதவேண்டிய பறவையையும் நாம் அறிவோம்: கொசு உள்ளான், ஒன்று, காலில் வளையம், எண் தெரியவில்லை.